நல்லா ஓடும்போதே ஒரு ரீடிங்

புதுவயல் பக்கம் ஒரு ரைஸ்மில்லு, 500 கேவிஏ ட்ரான்ஸ்பார்மர், அதோட எண்ணெய் டெஸ்ட் ரிப்போர்ட் வந்த அன்னைக்கு சாயங்காலம் ஓனர் அண்ணன் போன் பண்ணாரு. "தம்பி, என்னமோ சிவப்புல போட்டு அனுப்பியிருக்காங்களே, எண்ணெய மாத்திட்டா சரியாப் போயிருமா?"ன்னு கேட்டாரு. நான் பதறிப்போய் "அண்ணே, எண்ணெயத் தொட்றாதீங்க, எண்ணெய் வடிகட்டுற ஃபில்டர் வண்டியக் கூப்பிட்றாதீங்க, நான் நாளைக்குக் காலையில வர்றேன்"னு சொன்னேன். அவருக்கு நான் ஏன் இவ்ளோ பதறுறேன்னு புரியல. எண்ணெயை மாத்தினா ரிப்போர்ட் சுத்தமா வந்துரும், உள்ள இருக்குற கோளாறு அப்படியேதான் இருக்கும், அது எங்க இருக்குன்னு சொல்லிக்கிட்டிருந்த ஒரே சாட்சியையும் நாமளே வடிகட்டி வெளிய விட்ருப்போம்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல்னு இந்தச் சுத்துவட்டாரத்துல ட்ரான்ஸ்பார்மர், மோட்டார், பேனல் டெஸ்ட் பண்ற வேலையில இருக்கேன். ரைஸ்மில்லுதான் அதிகம், அப்புறம் ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், நூல் மில்லு. இந்த எண்ணெய் விஷயத்தை எங்க போனாலும் சொல்ல வேண்டியிருக்கு, அதான் ஒரு தடவை உக்காந்து முழுசா எழுதிரலாம்னு.

ட்ரான்ஸ்பார்மருக்குள்ள செம்புக் கம்பிச் சுத்து, அதான் வைண்டிங், அதைச் சுத்தி காகிதம், எல்லாம் எண்ணெய்ல முங்கிக் கிடக்கும். உள்ள எங்கயாவது தப்பான சூடோ பொறியோ வந்தா அந்த இடத்து எண்ணெய் உடைஞ்சு வாயுவா மாறி மிச்ச எண்ணெய்லயே கரைஞ்சிரும். எவ்ளோ சூடுங்கிறதைப் பொறுத்து வாயு மாறும், இதுதான் இதுல இருக்குற அழகு. நம்ம ஊர் வீடுகள்ல அடுப்படி கடைசிக் கட்டுல இருக்கும், முகப்புல உக்காந்திருக்கிற ஆளுக்கு அடுப்பே தெரியாது, ஆனா எண்ணெய் காயுதா, கடுகு வெடிச்சிருச்சா, மிளகா கருகிருச்சான்னு வாசனையை வச்சே சொல்லிருவாங்க. அதே மாதிரிதான். லேசான டிஸ்சார்ஜ், அதாவது சின்ன மின்கசிவு மட்டும் இருந்தா ஹைட்ரஜன் தூக்கலா வரும், மிதமான சூடுன்னா மீத்தேன், ஈத்தேன், ரொம்பச் சூடுன்னா எத்திலீன், உள்ள ஆர்க் அடிச்சா அசெட்டிலீன். காகிதம் கருகினா கார்பன் மோனாக்ஸைடும் கார்பன் டை ஆக்ஸைடும் ஏறும்.

இந்த ட்ரான்ஸ்பார்மர்ல எத்திலீன் 180 பிபிஎம் (பத்து லட்சத்துல 180 பங்கு), மீத்தேன் 110, அசெட்டிலீன் வெறும் 3. கனடாவுல ஹைட்ரோ கியூபெக் ஆராய்ச்சிக்கூடத்துல இருந்த மிஷேல் டுவால்ங்கிறவர் 1974-ல ஒரு முக்கோணம் வெளியிட்டாரு, இந்த மூணு வாயுவும் தங்களுக்குள்ள எத்தனை சதவீதம்னு போட்டு முக்கோணத்துக்குள்ள ஒரு புள்ளி வச்சா அது எந்தக் கட்டத்துல விழுதோ அதுதான் கோளாறு. இன்னைக்கும் உலகம் பூரா அதைத்தான் பாக்குறாங்க. நம்மளோடது எத்திலீன் 61 சதவீதம், அசெட்டிலீன் 1 சதவீதம், நேரா 700 டிகிரிக்கு மேலங்கிற கட்டத்துல போய் விழுந்துச்சு. ஆனா கார்பன் மோனாக்ஸைடு போன வருசம் இருந்த அளவுதான், ஏறவே இல்ல. அப்போ காகிதம் கருகல. காகிதம் இல்லாத வெறும் உலோகம் ஏதோ ஒண்ணு உள்ள பழுக்கக் காஞ்சுக்கிட்டு இருக்கு. வைண்டிங் பிழைச்சிருக்கு, எங்கயோ ஒரு ஜாயிண்ட்டோ காண்டாக்ட்டோ சரியில்ல.

"போன வருசம்"னு சொன்னேன் பாருங்க, இந்தக் கட்டுரையே அந்த ரெண்டு வார்த்தைக்காகத்தான். போன வருசம் எத்திலீன் 20 தான் இருந்துச்சு. அந்த 20 இல்லாம இந்த 180-க்கு என்ன அர்த்தம் சொல்ல முடியும்? பத்து வருசமா மெதுவா சேந்த 180-ஆ, இல்ல நாலு மாசத்துல குதிச்ச 180-ஆ? முதலாவதுன்னா கண்ணு வச்சுக்கிட்டு ஓட்டலாம், ரெண்டாவதுன்னா அறுவடைக்கு முன்னாடி நிறுத்தியே ஆகணும். ட்ரான்ஸ்பார்மர் நல்லா ஓடிக்கிட்டிருந்தப்போ, யாரும் எதுவும் கம்ப்ளைண்ட் சொல்லாதப்போ, நான் நச்சரிச்சு எடுக்க வச்ச சாம்பிள் அது. அன்னைக்கு அண்ணன் "நல்லாத்தானே ஓடுது, எதுக்குத் தம்பி வெட்டிச் செலவு"ன்னுதான் சொன்னாரு, அவரைத் தப்பு சொல்ல மாட்டேன், எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க.

சாம்பிள் எடுக்கறதும் சாதாரண வேலை இல்லீங்க. கண்ணாடி சிரிஞ்சு, மூணு வழி வால்வு, ட்ரான்ஸ்பார்மர் அடி வால்வைத் துடைச்சிட்டு முதல்ல வர்ற தேங்கின எண்ணெயை வாளியில விட்டுரணும், அப்புறம் சிரிஞ்சை ரெண்டு தடவை அதே எண்ணெய்லயே கழுவணும், அப்புறம் எண்ணெய் தானா பிஸ்டனைத் தள்ளி உள்ள வரணும், நாம இழுத்தோம்னா குமிழி வந்துரும். ஒரு குமிழி உள்ள நின்னுட்டா ஹைட்ரஜன்ல ஒரு பங்கு அந்தக் குமிழிக்குள்ள போயிரும், லேப்ல எண்ணெய்ல இருக்குறதை விடக் குறைச்சலாத்தான் வரும். அப்புறம் சிரிஞ்சை வெயில் படாம பெட்டியில வச்சு அனுப்பணும். மழைத்தூறல்ல எடுக்கக் கூடாது. தண்ணி பாட்டில்ல பிடிச்சு அனுப்பின சாம்பிளை எல்லாம் நான் பாத்திருக்கேன், அதை வச்சு ரிப்போர்ட்டும் வந்திருக்கு, மனசு வேதனையா இருக்கும்.

மறுநாள் மில்லுக்குப் போனேன். அங்க கணக்குப்பிள்ளை ஐயா ஒருத்தர், எழுபதைத் தாண்டினவர், அண்ணனோட அப்பச்சி காலத்துல இருந்து இருக்காரு. ட்ரான்ஸ்பார்மர் எண்ணெய் டெம்பரேச்சரும் ஆம்பியரும் தினம் ரெண்டு வேளை ஒரு நீள நோட்டுல எழுதுவாரு, யாரும் எழுதச் சொல்லல, மீட்டர்னு ஒண்ணு இருந்தா அதை எழுதி வைக்கணும்ங்கிறது அவரோட வழக்கம். நான் போன வருசம் இதே மாசத்தையும் இந்த வருசத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன், ஒரே லோடு, ஒரே டெம்பரேச்சர், ஒரு டிகிரி ரெண்டு டிகிரி வித்தியாசம்தான். சிலருக்கு இது "அப்போ ஒண்ணும் இல்ல போல"ன்னு தோணும். எனக்கு அதுவே பெரிய தகவல், ஏன்னா ஓவர்லோடு இல்ல, ரேடியேட்டர் அடைப்பு இல்ல, கூலிங் சரியா இருக்கு, அப்போ சூடு ஒரு சின்ன இடத்துல மட்டும் இருக்கு, மொத்த எண்ணெயைச் சூடாக்குற அளவுக்கு அது பெருசு இல்ல. வெளிய இருக்குற தெர்மாமீட்டர் கடைசி வரைக்கும் நார்மல்னே சொல்லிக்கிட்டு இருந்திருக்கும்.

எனக்கு டேப் ஸ்விட்ச் மேல சந்தேகம். வோல்டேஜ் கூடக் குறைய இருந்தா ஹெச்.டி. சைடுல, அதாவது வோல்டேஜ் அதிகமா இருக்குற பக்கத்துல, வைண்டிங் சுத்தைக் கூட்டிக் குறைக்கிறதுக்கு ஒரு கைப்பிடி இருக்கும், சின்ன ட்ரான்ஸ்பார்மர்கள்ல அதை சப்ளையை நிறுத்திட்டுத்தான் திருப்பணும். அதை வருசக்கணக்கா திருப்பாம விட்டா காண்டாக்ட் மேல ஒரு படலம் படியும், படலம் படிஞ்சா ரெசிஸ்டன்ஸ் ஏறும், ரெசிஸ்டன்ஸ் ஏறினா சூடு, சூட்டுல எண்ணெய் கருகி கரி படியும், கரி படிஞ்சா இன்னும் சூடு. "ஐயா, இதைக் கடைசியா எப்போ திருப்பினாங்கன்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டேன். எலக்ட்ரீஷியன் பையனுக்குத் தெரியல, அவன் வந்தே மூணு வருசம்தான். ஐயா ஒண்ணும் பேசாம உள்ள போய் பழைய செலவு நோட்டு ஒரு கட்டை எடுத்துட்டு வந்து தூசி தட்டி அரை மணி நேரம் விரலை வச்சு வச்சுப் பாத்தாரு. 2009, தை மாசம். "ட்ரான்ஸ்பார்மர் டேப் மாத்த வந்த ஆளுக்குக் கூலி, காபி பலகாரம் உட்பட, ரூபாய் 350." நாங்க நின்னுக்கிட்டிருந்தது 2022-ல. பதிமூணு வருசம் அந்தக் கைப்பிடியை யாரும் தொடல.

எந்த எஞ்சினியரும் எழுதி வைக்காத மெயிண்டனன்ஸ் ரெக்கார்டு காபிச் செலவுக்குள்ள இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை ஷட்டவுன் வாங்கினோம். ரெண்டு பக்கமும் எர்த் பண்ணிட்டு வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் அளந்தேன். மூணு ஃபேஸை ஜோடி ஜோடியா அளந்ததுல ரெண்டு ஒண்ணு மாதிரி இருக்கு, மூணாவது 6 சதவீதம் தூக்கல். அப்புறம் டேப் கைப்பிடி பூட்டைக் கழட்டினோம், முதல்ல அசையவே இல்ல, பையன் பலம் போட்டுத் திருப்பப் பாத்தான், நான் வேணாம்னு தடுத்து மெதுவா முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி விட்டோம், ஒரு கட்டத்துல உள்ளேயிருந்து "கிரிச்"னு ஒரு சத்தம், அப்புறம் வழிக்கு வந்துச்சு. ஒண்ணுல இருந்து அஞ்சு, அஞ்சுல இருந்து ஒண்ணு, பதினஞ்சு தடவை திருப்பினோம், காண்டாக்ட் தன்னைத் தானே தேய்ச்சுச் சுத்தம் பண்ணிக்கும். பழைய டேப்லயே வச்சுப் பூட்டிட்டு மறுபடி அளந்தா மூணும் ஒரு சதவீதத்துக்குள்ள. அப்போ எனக்கு வந்த சந்தோசம் இருக்கே, கண்ணு கலங்கிருச்சு, வெக்கப்படாம சொல்றேன்.

இவ்ளோ சந்தோசப்பட ஒரு காரணம் இருக்கு. பல வருசம் முன்னாடி நான் வேலை கத்துக்கிட்டிருந்த காலத்துல ஒரு நூல் மில்லுல 1600 கேவிஏ ட்ரான்ஸ்பார்மர் ராத்திரி ஷிஃப்ட்ல வெடிச்சிருச்சு. எண்ணெய் பீய்ச்சி சுவரெல்லாம் கருப்பு, ஆளுக்கு ஒண்ணும் ஆகல, அது சாமி புண்ணியம். மறுநாள் நாங்க பேனலைத் திறந்தா புக்ஹோல்ஸ் ரிலேயோட அலாரம் ஒயரைப் பிடுங்கி டேப் சுத்தி விட்டிருந்தாங்க. புக்ஹோல்ஸ் ரிலேன்னா டேங்க்குக்கும் மேல இருக்குற கன்சர்வேட்டர்ங்கிற சின்ன எண்ணெய் டேங்க்குக்கும் நடுவுல குழாயில உக்காந்திருக்குற சின்னப் பெட்டி, ஜெர்மனியில மாக்ஸ் புக்ஹோல்ஸ்ங்கிறவர் 1921-ல பேட்டண்ட் வாங்கினது, உள்ள வாயு உருவாகி மேல ஏறினா இதுல சேரும், மிதவை இறங்கும், அலாரம் அடிக்கும். வாயுவைக் கண்டுபிடிக்கக் கரண்ட் கூட வேண்டாம வெறும் மிதவையில ஓடுற கண்டிஷன் மானிட்டரிங், அதாவது ஓடும்போதே கண்காணிக்கிறது, நூறு வருசமா வேலை பாக்குது. அங்க அது அடிக்கடி அடிச்சிருக்கு, தொந்தரவா இருந்திருக்கு, பிடுங்கிட்டாங்க. ரெண்டு வாரமா அது கத்திக்கிட்டே இருந்திருக்குன்னு ஷிஃப்ட் ஆள் ஒருத்தர் மெதுவா என்கிட்ட சொன்னாரு. இன்னைக்கும் எந்தப் பேனலைத் திறந்தாலும் முதல்ல அந்த அலாரம் ஒயர் இருக்கான்னுதான் என் கை போகும்.

இப்போ ஆன்லைன் மானிட்டர் பத்தி. நாம வருசத்துக்கு ஒரு தடவை சிரிஞ்சுல எடுக்கறதை ட்ரான்ஸ்பார்மர்லயே ஒரு மிஷினை மாட்டி சில மணி நேரத்துக்கு ஒரு தடவை தானா அளக்க வைக்கிறதுதான் அது. எளிமையானது ஹைட்ரஜன் மட்டும் பாக்கும், ஏன்னா பெரும்பாலான கோளாறுல கொஞ்சமாவது ஹைட்ரஜன் வரும். பெரிய மிஷின் எல்லா வாயுவையும் பாக்கும். அதுல ஒரு வகை எனக்கு ரொம்பப் பிடிக்கும், எண்ணெய்ல இருந்து வாயுவைப் பிரிச்சு ஒரு சின்ன அறைக்குள்ள விட்டு அதுமேல அகச்சிவப்பு ஒளியை விட்டு விட்டு அடிப்பாங்க, ஹைட்ரஜன் தவிர ஒவ்வொரு வாயுவும் தனக்குன்னு உள்ள அலைநீளத்தை மட்டும் உறிஞ்சும், உறிஞ்சினா சூடாகி விரியும், ஒளி நின்னா சுருங்கும், அந்த விரியுறது சுருங்கறது ஒரு சத்தமா வரும், அதை மைக்ரோபோன் கேக்கும். வெளிச்சம் பட்டா பொருள் சத்தம் போடும்னு 1880-ல கண்டுபிடிச்சது டெலிபோன் புகழ் கிரகாம் பெல். ஸ்க்ரூ டிரைவரை பேரிங் மேல வச்சு பிடியைக் காதுல வச்சுக் கேக்குற நம்ம மில்லு ஃபிட்டருக்கும் இந்த மிஷினுக்கும் செய்யுற வேலை ஒண்ணுதான்.

இந்த மிஷினை 500 கேவிஏவுக்கு மாட்டுங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். ட்ரான்ஸ்பார்மர் விலையை விட மிஷின் விலை ஜாஸ்தியாப் போயிரும், அதை விக்க வர்றவங்க என்ன சொன்னாலும் சரி. 110 கேவி சப்ஸ்டேஷன்ல 16 எம்விஏ, 25 எம்விஏன்னு ஒரு ஊரையே தாங்குற ட்ரான்ஸ்பார்மருக்கு, அதுக்கும் மேல பவர் ஹவுஸ்ல இருக்குறதுக்கு, கட்டாயம் வேணும். ஏன்னா சில கோளாறு வாரக்கணக்குல வளந்துரும், வருசத்துக்கு ஒரு சாம்பிள் எடுக்கறவன் கையில சிக்காது. கம்பி டேங்க்கை விட்டு வெளிய வர்ற இடத்துல இருக்குற புஷ்ஷிங்கும் அப்படித்தான், அதுக்குள்ள காகிதமும் ஃபாயிலும் அடுக்கடுக்கா இருக்கும், ஒரு அடுக்கு ஷார்ட் ஆனா கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்னைச் சேத்து வைக்கிற அளவு, ஒரு படி ஏறும், ஓடும்போதே அதைப் பாத்துக்கிட்டிருந்தா தெரியும், இல்லேன்னா வெடிச்சப்புறம்தான் தெரியும். சின்ன மில்லுக்கு வருசம் ஒரு எண்ணெய் சாம்பிள், நீலத்துல இருந்து ரோஸ் கலருக்கு மாறின, ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல்லை அன்னைக்கே மாத்துறது, ஒரு நோட்டு, இது போதும்.

மோட்டார் கதை ஒண்ணு சொல்லணும். அதே புதுவயல் மில்லுல நெல்லை மேல ஏத்துற எலிவேட்டர் மோட்டார், 4 போல். அங்க வேலை பாக்குற அண்ணன் ஒருத்தர் "தம்பி, இது முன்ன மாதிரி இல்ல, விம்முது"ன்னு சொன்னாரு. நான் போய் நின்னேன், முதல்ல ஒண்ணும் கேக்கல, உமி தூசியும் சத்தமும் காதை அடைக்குது. அவர் என் தோள்ல விரலால தட்டிக் காட்டினாரு, ஒரு செகண்டுக்கு ரெண்டு தட்டு, அப்புறம்தான் என் காதுக்கும் பிடிபட்டுச்சு, ஊம்... ஊம்...னு ஏறி இறங்குது. ஒயரைச் சுத்திப் பிடிச்சு ஆம்பியர் பாக்குற டாங் டெஸ்டரைப் போட்டா ஆம்பியரும் அதே தாளத்துல ஆடுது. கரண்டை லேப்டாப்ல பிரிச்சுப் பாத்தேன், 50 ஹெர்ட்ஸ்க்கு ரெண்டு பக்கமும் 48-லயும் 52-லயும் ரெண்டு காது முளைச்சிருந்துச்சு. ரோட்டார் பார், அதாவது உள்ள சுத்துற பாகத்துல இருக்குற உலோகக் கம்பி, விட்டிருக்கு. கணக்கு என்னன்னா 1500-ல சுத்த வேண்டிய ஃபீல்டுக்கு மோட்டார் 1470-ல சுத்துது, அந்தப் பின்தங்கல், அதான் ஸ்லிப், 2 சதவீதம், அதோட ரெண்டு மடங்கை 50-ஆல பெருக்கினா 2 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு ரெண்டு. அவர் தோள்ல தட்டின அதே ரெண்டு. "முன்ன மாதிரி இல்ல"ன்னு அவர் சொன்னதை யோசிச்சுப் பாருங்க, அவருக்கு அந்த "முன்ன" மனசுல பதிஞ்சிருந்துச்சு.

கல்யாண வீடுகளும் இதுல சேரும். கானாடுகாத்தான்ல ஒரு பெரிய வீடு, வருசத்துல பதினோரு மாசம் பூட்டிக் கிடக்கும், கல்யாணத்துக்கு எல்லாரும் வந்து இறங்கினா மூணு நாளைக்கு ஏசி, சீரியல் லைட், சமையல் கட்டு மோட்டார் எல்லாம் ஒரே நேரத்துல. தெர்மல் கேமராவோட என்னைக் கூப்பிட்டாங்க, ஆனா வீட்ல லோடே இல்லாதப்போ கூப்பிட்டாங்க. லோடு இல்லாம கேமரா பிடிச்சா எல்லாம் ஒரே நீலமாத்தான் தெரியும். "ஆச்சி, எல்லா ஏசியையும் ஒரு மணி நேரம் போடுங்க"ன்னு கேட்டேன், ஆச்சி ஒரு மாதிரி பாத்துட்டுப் போடச் சொன்னாங்க. மெயின் பேனல்ல நியூட்ரல் ஒயர் நுனியில மாட்டுற லக் ஒண்ணு மட்டும் பக்கத்துல இருக்கிறதை விட 12 டிகிரி கூட. அப்போ ஓடினது பாதி லோடுதான், சூடு ஆம்பியரோட வர்க்கத்துல ஏறும், கல்யாணத்தன்னைக்கு முழு லோடுல அது கிட்டத்தட்ட நாலு மடங்கு, பக்கத்துல இருக்கிறதை விட 48 டிகிரி கூட ஆகியிருக்கும். லக்கை மாத்திட்டு அதே லோடுல இன்னொரு படம் எடுத்து ஆச்சிகிட்டயே குடுத்துட்டு வந்தேன், அடுத்த கல்யாணத்துக்கு வர்றவனுக்கு அதுதான் முதல் படம். எர்த் குழியும் பாத்தேன். நம்ம செம்மண்ணு, செம்பூராங்கல்லு, சித்திரையில காஞ்சு ஓடா கிடக்கும், மழைக்காலத்துல எடுத்த எர்த் ரீடிங்கை வச்சு சித்திரையை நம்பக் கூடாது.

யாரும் நினைக்காத இன்னொண்ணு, சப்ஸ்டேஷன் பேட்டரி. 2 வோல்ட் செல் 55 சேத்தா 110 வோல்ட், பிரேக்கர் டிரிப் ஆகறதே அந்த டிசியிலதான். ஒரு செல் உள்ளுக்குள்ள விட்டிருந்தா சாதாரண நாள்ல மொத்த வோல்டேஜ் சரியாத்தான் காட்டும், ஃபால்ட் வர்ற அந்த நொடியில கைவிட்ரும். ஒவ்வொரு செல்லோட இண்டர்னல் ரெசிஸ்டன்ஸையும் தனித்தனியா பாக்கணும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்து வந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம்ம காரைக்குடியிலயே இருக்கு, 1953-ல இருந்து மின்வேதியியல் ஆராய்ச்சி நடக்குற ஊர் இது, இங்கயே பேட்டரி ரூமைப் பூட்டி சாவியைத் தொலைச்சிட்டுத் தேடுற இடங்களைப் பாக்கும்போது எனக்குத் தாங்கல.

கோவம் வர்ற விஷயம் ஒண்ணு இருக்கு, அதையும் எழுதிர்றேன். ஒரு இடத்துல நல்ல விலை குடுத்து ஆன்லைன் மானிட்டர் மாட்டியிருந்தாங்க. அலாரம் அளவு கம்பெனி வச்சு அனுப்பினது அப்படியே இருக்கு, அந்த ட்ரான்ஸ்பார்மரோட சொந்த அளவு என்னன்னு யாரும் பாக்கல. அது எஸ்எம்எஸ் அனுப்பிக்கிட்டே இருந்திருக்கு, அந்த நம்பர் யாரோடதுன்னு பாத்தா ரிட்டயர் ஆகிப் போன ஒரு ஆபிசரோடது. ரெண்டு வருசமா அவர் வீட்டுக்குப் போயிருக்கு. அவர் பாவம், சொல்லியும் பாத்திருக்காரு. மாட்டின மிஷினுக்குப் பக்கத்துல ஒரு மனுசன் பேரு எழுதி வைக்கலேன்னா மாட்டாமலே இருந்திருக்கலாம், இது என்னோட உறுதியான கருத்து.

புதுவயல் மில்லுக்கு வர்றேன். டேப் சரி பண்ணினாலும் எண்ணெய்ல ஏற்கனவே கரைஞ்ச வாயு உடனே தானா போயிராது. அதனால கோளாறு தீந்ததுக்கு அப்புறம்தான் ஃபில்டர் வண்டியைக் கூப்பிட்டோம், வேக்குவம் போட்டு வாயுவை இறக்கிட்டு ஒரு வாரம் ஓடவிட்டு புது சாம்பிள் எடுத்தோம், எத்திலீன் 4. ஆறு மாசம் கழிச்சு எடுத்தப்போ 6. அண்ணன் இப்போ என்கிட்ட நம்பரைச் சொல்லித்தான் பேசுறாரு.

அன்னைக்கு கிளம்பும்போது கணக்குப்பிள்ளை ஐயா கேட்டாரு, "இனிமே இதை எப்பப்போ திருப்பணும் தம்பி?" வருசத்துக்கு ஒரு தடவை போதும்யா, ஆனா சப்ளையை நிறுத்திட்டு, தெரிஞ்ச ஆளை வச்சுன்னு சொன்னேன். ஆயுத பூஜைக்கு எப்படியும் மில்லை நிறுத்தி எல்லாத்தையும் துடைக்கிறோமே, அன்னைக்கே வச்சுக்கலாமான்னாரு, நான் சரின்னேன். போன வருசம் அந்தப் பக்கம் போயிருந்தப்போ நோட்டைக் காட்டினாரு. ஆயுத பூஜைச் செலவு, பொரிகடலை, சந்தனம், குங்குமம், பூசணிக்காய் 4, வாழைக்கன்னு, அதுக்குக் கீழ "ட்ரான்ஸ்பார்மர் டேப் 15 தடவை திருப்பியது, மறுபடி 3-ல் வைத்தது, ரெசிஸ்டன்ஸ் மூன்றும் சமம்"னு எழுதி, மூணு அளவையும் அவர் கையாலேயே குறிச்சிருந்தாரு.